கார் ஓட்டாதவர்களுக்கு எந்த ஊர்?

"சிகாகோ நல்லதா, ஹூஸ்டன் நல்லதா?" அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தார் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. என் மகள் சிகாகோவில், மகன் ஹூஸ்டனில். இரண்டு ஊரிலும் மாதக்கணக்கில் தங்கியவள் என்பதால் என்னிடமும் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர்களே கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது; இல்லினாயில் 4.95 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஹூஸ்டனில் விற்பனை வரி 8.25 சதவீதம், சிகாகோவில் 10 சதவீதத்துக்கும் மேல். சிகாகோ ஏரிக்கரையில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட் வாங்கும் காசுக்கு ஹூஸ்டன் பக்கம் கராஜும் தோட்டமுமாகத் தனி வீடே வாங்கிவிடலாம். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி, குளிர் எத்தனை மாதம் என்று இன்னும் இரண்டு கேள்வி. தீர்ப்பு ஹூஸ்டனுக்கு. அத்தோடு பேச்சு முடிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். இந்தக் கணக்கு முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகப் போட்டது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பா இதில் இல்லை. லைசென்ஸ் எடுக்காத மருமகள் இல்லை. பதினைந்து வயதுப் பேரன் இல்லை. கண்புரை வந்து ஓட்டுவதை நிறுத்திவிட்ட அமெரிக்கக் கிழவரும் இல்லை. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் அதில் மூன்று பேர் கார் ஓட்டாதவர்களாக இருப்பார்கள். அந்த மூன்று பேரும் பகல் முழுக்க எங்கே போவார்கள், எப்படிப் போவார்கள் என்று வீடு வாங்கும்போது ஒருத்தராவது கேட்கிறார்களா?

நான் மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் பென்ஷன் வேலையாக அலைவதற்கும் யாரையும் எதிர்பார்த்ததில்லை. டவுன் பஸ் இருந்தது, ஷேர் ஆட்டோ இருந்தது, என் இரண்டு கால்கள் இருந்தன. அதே கால்கள் ஹூஸ்டனின் மேற்கே கேட்டி பக்கத்தில் மகன் வாங்கியிருக்கும் வீட்டுக்கு வந்ததும் எதற்கும் உதவாமல் போய்விடுகின்றன. மகன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். "எங்கேயும் தனியாப் போகாதீங்கம்மா, சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்" என்பான். அவன் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மனுஷி சனிக்கிழமைக்காகக் காத்திருப்பது என்ன வாழ்க்கை?

அந்த இடத்தைக் கொஞ்சம் விவரித்தால்தான் புரியும். கம்யூனிட்டிக்குள் நடைபாதை இருக்கிறது, குளம் இருக்கிறது, வாத்துகூட இருக்கிறது. சுற்றிச் சுற்றி வரலாம். ஆனால் கேட்டைத் தாண்டினால் ஆறு வழிச் சாலை. கடை கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பெயர்ப்பலகையைப் படிக்கக்கூட முடிகிறது. அங்கே போய்ச் சேரத்தான் முடியாது. நடைபாதை ஒரு இடத்தில் திடீரென்று நின்று, புல்வெளியும் சாக்கடைப் பள்ளமுமாக மாறிவிடுகிறது. சிக்னலில் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் வெள்ளை மனித உருவம் எரிகிறது. நான் நடுத்திட்டை எட்டுவதற்குள் எண்கள் இறங்கி முடிந்துவிடுகின்றன. வலது பக்கம் திரும்பும் பிக்கப் வண்டிக்காரர் இடப்பக்கம் வரும் கார்களை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்புகிறார். அவர் கெட்டவர் இல்லை. அந்த முக்கில் ஒரு ஆள் நடந்து வருவாள் என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை. அதற்கப்புறம் ஃப்ரீவேயை ஒட்டிய ஃபீடர் ரோடு. அதை நடந்து கடக்கிற தைரியம் எனக்கு இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

பேருந்து இல்லையா என்று கேட்பீர்கள். ஹூஸ்டன் மெட்ரோவில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயணம் இலவசம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் அந்த இலவசப் பேருந்து எங்கள் தெருவுக்கு வருவதில்லை. கேட்டி பக்கம் இருப்பது பார்க் அண்ட் ரைடு. அலுவலகம் போகிறவர்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஊருக்குள் போகும் பேருந்தில் ஏறுவதற்காகப் போட்டது. பேருந்து பிடிக்கவே கார் வேண்டும். பேர்லாண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்கு மதுரைக்காரி நான் போக வேண்டுமென்றால், மகனோ மருமகளோ முக்கால் மணி நேரத்துக்கும் மேல் காரோட்ட வேண்டும். கோபுரமும் சந்நிதியுமாக அவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள். வார நாளில் ஒரு வெள்ளிக்கிழமை தோன்றினால் போய்ச் சேவிக்க முடியாது.

இது விதி என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒவ்வொன்றும் ஆட்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு. 2020 கணக்கெடுப்பின்படி ஹூஸ்டன் நகரத்தில் 23 லட்சம் பேர், சிகாகோவில் 27 லட்சம் பேர். ஆனால் பரப்பளவில் ஹூஸ்டன் சிகாகோவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். குறைந்த ஜனம், பரந்த நிலம். ஹூஸ்டனில் மண்டலச் சட்டம் கிடையாது, யாரும் எதையும் கட்டலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே ஊரில்தான் கடை கட்டினால் இத்தனை கார் நிறுத்த இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதி பெரும்பாலான பகுதிகளில் பல காலமாக இருக்கிறது. விளைவு, ஒவ்வொரு கடைக்கும் முன்னால் ஒரு மைதானம். நடந்து போகிறவள் அந்தக் கொதிக்கிற தாரையும் தாண்ட வேண்டும். 2023 ஆகஸ்டில் அங்கே வெயில் 109 டிகிரியைத் தொட்டது.

கேட்டி ஃப்ரீவேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் முடிந்த விரிவாக்கத்துக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவு. ஃபீடர் ரோடுகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 வழி வரும். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாதையின் இடத்தையும் அதற்கே எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரத்துப் பயணம் முன்னைவிட நீண்டுவிட்டது. சாலையை அகலமாக்கினார்கள், அதை நம்பி இன்னும் தொலைவில் வீடு கட்டினார்கள், அந்த வீடுகளிலிருந்து இன்னும் கார்கள் வந்தன. இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது மாறினார்களா? 2019-இல் ஹூஸ்டன் மக்கள் பொதுப் போக்குவரத்துக்காக 350 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். அந்தத் திட்டத்தின் முக்கியமான அங்கம் யூனிவர்சிட்டி காரிடார் என்ற 25 மைல் விரைவுப் பேருந்துத் தடம். 2024-இல் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். 2020-இல் சாலை மரணங்களை 2030-க்குள் ஒழிப்போம் என்று திட்டம் வெளியிட்ட நகரம் அது. அப்படியிருக்க, ஹூஸ்டன் அவென்யூவில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கவும் நடப்பவர்களைக் காக்கவும் கட்டிய நடுத்திட்டுகளை, கட்டிய ஈரம் காய்வதற்குள் 2024-இல் பெயர்த்தெடுத்தார்கள். வாக்களித்தவர்களுக்கு இதைவிட என்ன அவமரியாதை?

சிகாகோவில் மகள் இருப்பது வடக்கே எட்ஜ்வாட்டர் பகுதியில், பிரின் மார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். வீடு சின்னது. சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடிக்கும். ஆனால் காலையில் மகள் வேலைக்குப் போனதும் நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். தெருமுனையில் காபிக் கடை, மருந்துக் கடை, மளிகை. பத்து நிமிடம் நடந்தால் மிச்சிகன் ஏரி. பொது நூலகத்துக்கும் நடையே போதும். டெவன் அவென்யூவுக்குப் போக வேண்டுமா? ரெட் லைன் ரயிலில் மூன்றாவது நிறுத்தம் லயோலா. அங்கே டெவன் பேருந்துக்கு மாறினால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கிற கடை வாசலில் இறங்கலாம். 1974-இல் பட்டேல் பிரதர்ஸ் முதல் கடையைத் திறந்த தெரு அது. நான் ஏற நின்றால் ஓட்டுநர் பேருந்தின் முன்பக்கத்தைக் காற்றை இறக்கித் தாழ்த்துகிறார். முழங்கால் வலிக்காரிக்கு அந்த நாலு அங்குலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது வலி இருக்கிறவர்களுக்குத் தெரியும். பிரின் மார் நிலையத்தை இடித்துக் கட்டி 2025 ஜூலையில் திறந்தார்கள்; இப்போது அங்கே லிஃப்ட் இருக்கிறது.

ஏரிக்கரையும் அப்படித்தான். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைவழி. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. தன்னால் வாய்த்த பாக்கியம் இல்லை அது. 1836-லேயே கால்வாய் அதிகாரிகள் தங்கள் வரைபடத்தில், கரையோர நிலத்தின் ஒரு பகுதி என்றைக்கும் கட்டடம் இல்லாமல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பிற்பாடு அங்கே கட்டடங்கள் எழும்பப் பார்த்தபோது மாண்ட்கோமரி வார்ட் என்ற வியாபாரி 1890-இல் வழக்குப் போட்டு இருபது வருஷம் போராடித் தடுத்தார். டேனியல் பர்ன்ஹாமின் 1909 திட்டம் ஏரிக்கரை மக்களுக்கே சொந்தம் என்று வலியுறுத்தியது. யாரோ முன்கூட்டியே யோசித்ததால் இன்றைக்கு மதுரையிலிருந்து வந்த ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கிறாள்.

விமான நிலையத்தில் இறங்கியதுமே வித்தியாசம் தெரிந்துவிடும். ஓ'ஹேரிலிருந்து நகர நடுவுக்கு ப்ளூ லைன் ரயில் 1984 முதல் ஓடுகிறது, இரவு பகல் என்று பார்க்காமல். பிள்ளைகள் லீவு போட்டு வந்து நிற்க வேண்டியதில்லை. ஹூஸ்டனின் பெரிய விமான நிலையத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை. சுற்றிப் பார்க்க ஒரு வாரத்துக்கு வருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிகாகோவில் காரே இல்லாமல் மில்லினியம் பார்க்கையும் 1893-இல் விவேகானந்தர் பேசிய ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தையும் கட்டணம் வாங்காத லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலையையும் பார்த்துவிடலாம். ஹூஸ்டனில் நாசாவின் விண்வெளி மையத்துக்குப் போக வேண்டுமென்றால் முதல் வேலை வாடகைக் கார் எடுப்பது.

சிகாகோவை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் குளிர் கொடியது. 2019 ஜனவரி 30 அன்று ஓ'ஹேரில் மைனஸ் 23 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. நம் கணக்கில் மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. ரயில் பெட்டியில் சிகரெட் புகை, குறித்த நேரத்துக்கு வராத பேருந்து, லிஃப்ட் இன்னும் வராத நிலையங்கள் எல்லாம் உண்டு. நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள சில பேட்டைகளில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் துயரத்தை ஏரிக்கரை அழகு ஆற்றாது. 2025-இல் நிதி இல்லாமல் ரயிலும் பேருந்தும் பெருமளவு வெட்டப்படும் நிலை வந்து, அக்டோபர் இறுதியில் சட்டமன்றம் பணம் ஒதுக்கி ஒருவழியாகக் காப்பாற்றியது. லெமாண்ட் ராமர் கோயிலுக்கும் அரோரா பாலாஜி கோயிலுக்கும் அங்கேயும் காரில்தான் போகிறோம். நேப்பர்வில் பக்கம் புறநகரில் வீடு வாங்கியவர்களின் பெற்றோர் நிலைமை கேட்டியில் என் நிலைமையேதான். ஹூஸ்டனுக்கும் அதன் பெருமைகள் உண்டு. உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகம் அங்கே இருக்கிறது. அதன் நடுவே 2004 முதல் ரயிலும் ஓடுகிறது. 2017-இல் ஹார்வி புயலில் முன்பின் தெரியாதவர்களைச் சொந்தப் படகில் ஏற்றிக் காப்பாற்றிய ஜனங்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ஹார்வி என்றதும் சதுர அடிக் கணக்கர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஹூஸ்டனின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள், 1940-களில் ராணுவப் பொறியாளர்கள் கட்டியவை. வெள்ளம் வந்தால் தண்ணீர் தேங்க வேண்டிய நிலத்திலேயே பிற்காலத்தில் மனைப்பிரிவு போட்டு வீடுகள் கட்டினார்கள். சில மனைப்பிரிவு வரைபடங்களில் இது நீர் தேக்கப்படக்கூடிய இடம் என்று ஒரு குறிப்பு இருந்தது. வாங்கியவர்களில் பலர் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் அதை அறிந்தார்கள். 2019 டிசம்பரில் நீதிமன்றம் இதற்கு மத்திய அரசே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. எத்தனை படுக்கையறை என்று கேட்டவர்கள் எந்த நிலம் என்று கேட்கவில்லை.

நடக்கிற தெரு என்பது முதியவர்களின் பொழுதுபோக்கு மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு 1995 ஜூலையில் சிகாகோவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வெப்ப அலையில் 739 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், அதிலும் பலர் தனியாக வாழ்ந்தவர்கள். எரிக் க்ளினென்பர்க் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து 2002-இல் புத்தகம் எழுதினார். பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகளான நார்த் லாண்டேலையும் சவுத் லாண்டேலையும் ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழை முதியவர்கள், தனியாக இருப்பவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் நார்த் லாண்டேலில் சாவு விகிதம் பல மடங்கு அதிகம். அங்கே கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பயந்துகொண்டு முதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சவுத் லாண்டேலில் தெரு முழுக்கக் கடை, ஜனம், நடமாட்டம். கிழவிகள் வெளியே வந்தார்கள், குளிர்சாதனக் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள், ஒருநாள் காணோமென்றால் கேட்க ஆள் இருந்தது. தெருவில் நடமாட்டம் இருந்ததால் உயிர் பிழைத்தவர்கள் அவர்கள்.

இதைப் படித்துவிட்டு கேட்டி மாதிரி இடங்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப் பிறகு ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பலருக்கு நாள்கணக்கில் வரவில்லை; சூட்டில் முதியவர்கள் செத்தார்கள். 2021 பிப்ரவரி பனிப்புயலில் மின்சாரம் போனபோது டெக்ஸாஸில் 246 பேர் இறந்ததாக அந்த மாநில அரசே கணக்குச் சொன்னது. கார் ஓட்டத் தெரியாத ஒரு கிழவி, எல்லாரும் கதவைச் சாத்தியிருக்கும் ஒரு கம்யூனிட்டியில், மின்சாரம் இல்லாத பெரிய வீட்டில் தனியாக இருந்தால் யாரிடம் போவாள்?

பணக் கணக்கே போடுவோம் என்றாலும் சரியாகப் போடுங்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, புதிய கார் ஒன்றை வைத்து ஓட்ட ஆண்டுக்குச் சராசரியாக 12,000 டாலருக்கு மேல் ஆகிறது என்று 2024-இல் கணக்கிட்டது. ஹூஸ்டன் புறநகரில் ஒரு வீட்டுக்கு இரண்டு கார் கட்டாயம். பிள்ளை வளர்ந்தால் மூன்று. சிகாகோ நகரத்துக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு வீட்டில் காரே கிடையாது. வருமான வரியில் மிச்சம் பிடித்ததைக் காருக்கும் பெட்ரோலுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கொட்டிவிட்டு, டெக்ஸாஸின் கனமான சொத்து வரியையும் கட்டிவிட்டு, எது மலிவு என்று எனக்குச் சொல்லுங்கள். மகன் தினமும் காரில் கழிக்கும் நேரத்துக்கு எந்த வரிச் சலுகை ஈடு?

கேட்டியில் மாலை நடைக்கு வரும் பெற்றோர்களோடு பேசியிருக்கிறேன். கோயம்புத்தூர், விஜயவாடா, புனே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். ஊரில் பள்ளி நடத்தியவர்கள், கடை நடத்தியவர்கள், வயல் பார்த்தவர்கள். "என்னக்கா பண்றது, பிள்ளைங்க நல்லா இருந்தாச் சரி" என்பார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றித் திரும்பிப் போகலாமா என்று மெதுவாக விசாரிப்பார்கள். பிள்ளைகளுக்கோ, அம்மாவுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் ஏன் முகம் வாடுகிறது என்று புரிவதில்லை. தனி அறை, பெரிய டிவி, ஏசி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கத் தானே போய் வருகிற சுதந்திரம் போய்விட்டது என்பதை அந்தப் பெற்றோரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால், வாழவும் சரி, வந்து பார்க்கவும் சரி, கார் ஓட்டாதவர்களுக்குச் சிகாகோதான். குளிருக்குக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இல்லாத நடைபாதையை யாரும் வாங்கித் தர முடியாது. ஹூஸ்டனில்தான் வேலை என்றால் அங்கேயும் வழி இருக்கிறது. ரயில் ஓடும் தடத்துக்குப் பக்கத்தில், கடைக்கு நடந்து போகிற தூரத்தில், கொஞ்சம் சின்ன வீடாகப் பாருங்கள். வீடு வாங்குகிற பிள்ளைகளே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் காரைப் பூட்டி வைத்துவிட்டு, அந்த வீட்டு வாசலிலிருந்து கடைக்கு நடந்து போய்ப் பால் வாங்கித் திரும்பிப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் உங்கள் அம்மாவாலும் முடியாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் நடைபாதை கேளுங்கள், பேருந்து கேளுங்கள், ஓட்டுப் போட்ட திட்டம் எங்கே என்று கேளுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் கார் சாவியைக் கீழே வைக்கிற வயது வரும்.